அட்டையைத் தொட்டால் மைக்கை இறக்கு

பேச்சாளர் சொல்ல வந்ததை மறந்துவிட்டால் மைக் சரியில்லை. கூட்டம் தூங்கிவிட்டால் ஸ்பீக்கர் சரியில்லை. கைதட்டல் குறைந்தால் ஹாலில் எதிரொலி. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஒலி, ஒளிச் சாமான்களை வாடகைக்கு விடும் எனக்கு இருபது வருடங்களில் இந்தப் பழிகளெல்லாம் தோலோடு ஒட்டிப்போயின. தமிழில் முதுகலை படித்தவன் நான். ஏதாவது கல்லூரியில் நின்று பேசிக்கொண்டே காலத்தைக் கழித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். எந்தக் கல்லூரியும் என்னைப் பேச அழைக்கவில்லை. ஆகவே பேசுகிறவர்கள் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு, ஹாலின் கடைசி மூலையில், ஒலியை ஏற்றி இறக்கும் மிக்சர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆயுத பூஜை, பாதுகாப்பு வாரம், புது லைன் திறப்பு, பணி ஓய்வு என்று நான் கேட்ட உரைகளை எல்லாம் சேர்த்தால் எனக்கு இன்னொரு பட்டம் கொடுக்கலாம். எந்தத் துறையில் என்பதுதான் தெரியவில்லை.

கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் தொழிற்சாலை ஒன்று எனக்கு நெடுநாள் வாடிக்கை. அங்கே வருடத்துக்கு ஒருமுறை, தலைவர் தொழிலாளிகளோடு மனம்விட்டுப் பேசும் கூட்டம் நடக்கும். டவுன்ஹால் என்று பெயர். மனத்தை எவ்வளவு தூரம் விடலாம் என்பதை மனிதவளத் துறை முன்கூட்டியே முடிவு செய்துவிடும். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் முந்தைய வாரமே சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் பத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். நம் நிறுவனம் இவ்வளவு வேகமாக வளர்வதன் ரகசியம் என்ன என்பது போன்ற கேள்விகள் தவறாமல் தேறிவிடும்.

ஆனாலும் சீட்டில் ஒன்றை எழுதிவிட்டு மைக்கில் வேறொன்றைக் கேட்பவர்கள் எங்கும் உண்டு. அதற்காகத்தான் மனிதவள அதிகாரிக்கும் எனக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. எல்லோரும் அவரை எச்.ஆர். சார் என்பார்கள். ஐம்பதைத் தொடும் வயது, நெற்றியில் தீராத வியர்வை, யாரைப் பார்த்தாலும் "சாப்டாச்சா?" என்று கேட்கும் மனிதர். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்:

"சார், நான் கழுத்துல இருக்குற ஐடி கார்டைத் தொட்டா மைக்கை இறக்கிடுங்க. டக்குனு கட் பண்ணாதீங்க, மெதுவா. தானா போன மாதிரி இருக்கணும்."

தானாகப் போன மாதிரி என்பதில் ஒரு கலை இருக்கிறது. முதலில் குரல் லேசாகத் தேய வேண்டும். பிறகு ஒரு சொல் கேட்டு ஒரு சொல் கேட்கக் கூடாது. அப்புறம் மௌனம். உடனே எச்.ஆர். சார் மேடை மைக்கில் வந்து, "சின்ன டெக்னிக்கல் ப்ராப்ளம், மன்னிக்கணும்" என்பார். நானும் கடைசி மூலையில் ஒரு வயரைப் பிடுங்கிச் செருகி, தலையைச் சொறிவேன். என் நடிப்பைப் பற்றி நானே சொல்லக் கூடாது.

ஒருமுறை சித்திரை மாத வெயிலில் அவருக்குக் கழுத்தில் அரிப்பு வந்து அட்டையை அடிக்கடி தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். நான் கடமை தவறாமல் கேன்டீன் ஒப்பந்தக்காரரின் நன்றியுரையை இறக்கிவிட்டேன். யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. ஒப்பந்தக்காரர் மட்டும் எனக்கு அன்று பாயசம் கொடுக்கவில்லை.

நான் சொல்ல வந்த கதை சமீபத்தில் நடந்தது. அந்தத் தொழிற்சாலைக்குக் கொரியாவிலிருந்து புதுத் தலைவர் வந்திருந்தார். முன்பிருந்தவருக்கு மேடையிலேயே பக்கத்தில் ஒருவர் நின்று மொழிபெயர்த்துச் சொல்வார். புதியவர் அது வேண்டாம் என்றாராம். கண்ணாடிக் கூண்டுக்குள் மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்து பேச, தான் காதில் கருவி மாட்டிக்கொண்டு அப்போதைக்கப்போதே கேட்க வேண்டும் என்றாராம். எச்.ஆர். சார் எனக்குப் போன் செய்தார்.

"உங்ககிட்ட அந்த பூத்து, ஹெட்செட்டெல்லாம் இருக்கா சார்?"

"இருக்கு சார்."

இல்லை. எங்கள் தொழிலில் முதலில் இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். பிறகு எங்கே இருக்கிறது என்று தேடுவோம். கிண்டியில் ஒருவரிடம் கிடைத்தது. கூடவே தடியான கையேடு ஒன்றும் கொடுத்தார். இரண்டு நாள் அதை ஆராய்ச்சி மாணவனைப் போல அடிக்கோடு போட்டுப் படித்தேன்.

அதில் ஒரு பக்கம் முக்கியமானது. மைக்கில் பேசும் குரல் மிக்சருக்கு வந்ததும் இரண்டாகக் கிளை பிரியும். ஒரு கிளை ஹால் ஸ்பீக்கருக்கு. இன்னொன்று கூண்டுக்குள் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் காதுக்கு. ஹாலுக்குப் போகும் சத்தத்தை, மேலும் கீழும் நகரும் ஒரு கட்டையால் ஏற்றலாம், இறக்கலாம். கூண்டுக்குப் போகும் கிளையை அந்தக் கட்டைக்கு முன்பாகவே பிரித்துவிட வேண்டும் என்றது கையேடு. ஏனென்றால், ஹாலில் மைக் ஊளையிட்டுக் கட்டையை இறக்க நேர்ந்தாலும் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சொல்லும் தவறக் கூடாது. நான் அப்படியே செய்தேன். எங்கள் பழைய ஏற்பாட்டுக்கு இதனால் என்ன ஆகும் என்பது கையேட்டில் இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

கூட்டம் கேன்டீனில். முதல் ஷிஃப்ட் முடிகிற நேரமும் இரண்டாவது ஷிஃப்ட் வருகிற நேரமும் சேரும் மதிய வேளை. காலையிலேயே போய்ச் சாமான்களை இறக்கினோம். சாம்பார் வாசனைக்கு நடுவே கண்ணாடிக் கூண்டை நிறுத்தியபோது, அது ஏதோ இனிப்புக் கடை அலமாரி போலத் தெரிந்தது. நாற்காலி போடுவதற்கு லைனிலிருந்து சில பெண்களை அனுப்பியிருந்தார்கள். அவர்களில் ஒருவர், நாற்பது வயது இருக்கும், நீலச் சட்டைக் கையை மடித்துவிட்டபடி என்னிடம் வந்தார்.

"அண்ணா, இந்த வாட்டியாவது மைக்கு ஒழுங்கா வேல செய்யுமா?"

"செய்யுமே. ஏன்மா?"

"போன வருஷம் எங்க லைன் பொண்ணு பஸ்ஸுன்னு வாயத் தொறந்துச்சி. மைக்கு பூட்ச்சி. நல்ல மைக்கா எத்துகினு வரக் கூடாதா?"

நான் மைக்கை உற்றுப் பார்த்தேன். அதற்கு ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். "பேட்டரி மாத்திட்டேன்" என்றேன்.

அவர் ஊர் வல்லக்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கிருந்து பதினான்கு பெண்கள் அந்தத் தொழிற்சாலைக்கு வருகிறார்கள். முதல் ஷிஃப்ட்டுக்குக் கம்பெனி பஸ் ஐந்து மணிக்கெல்லாம் மெயின் ரோட்டு முனையில் வந்து நிற்கும். ஊருக்குள் வராது. விடிவதற்கு முன் இரண்டு கிலோமீட்டர் நடந்து வர வேண்டும். ரோட்டோரம் முழுக்கக் கன்டெய்னர் லாரிகளை நிறுத்தியிருப்பார்கள். நடப்பவர்களுக்கு மிஞ்சுவது நடு ரோடுதான்.

"போன மாசம் எங்ககூட வர்ற அக்கா ஒருத்தர ஒரு வண்டி இட்ச்சிட்டு நிக்காம பூட்டான். கை ஒடஞ்சி வூட்ல கீது. அன்னிலேருந்து எங்க வூட்டுக்காரு, ஒண்ணாந்தேதியோட நின்னுடுன்னு சொல்லிகினே கீறாரு. பஸ்ஸு உள்ள வந்தாதான் நான் வேலைக்கி. இல்லன்னா இல்ல. நான் மட்டுமில்ல, இன்னும் நாலு பேரு வூட்லயும் இதே பஞ்சாயத்துதான்."

"சீட்டுல பஸ்ஸுன்னா எழுதிக் குடுத்தீங்க?"

"நான் இன்னா லூசா? ஏற்றுமதி பத்தி எழுதிக் குத்துக்கீறேன். செலக்ட் ஆயிட்ச்சி. ஏழாவது கேள்வி."

பத்து நிமிடத்தில் எச்.ஆர். சாரும் வந்தார். "சாப்டாச்சா சார்?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "அந்த ஊர் லேடீஸ் பஸ் மேட்டரை எடுத்தாலும் எடுப்பாங்க. கொஞ்சம் என்னைப் பாத்துக்கிட்டே இருங்க" என்றார். அவர் அந்தப் பெண்களுக்கு எதிரி அல்ல. பஸ் ஒப்பந்தக்காரரிடம் மூன்று முறை கேட்டிருக்கிறார். "ரோடு சின்னது, பஸ் திரும்பாது" என்று ஒப்பந்தக்காரர் மூன்று முறையும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார். புதுத் தலைவர் முன்னால் தீராத விஷயம் ஒன்று வெளியே வந்தால் எச்.ஆர். சார் அரியலூர்ப் பக்கம் எங்காவது பத்திரமாக மாற்றலில் அனுப்பப்படுவார். இரண்டு தரப்பு நியாயமும் எனக்கு நன்றாகப் புரிந்தது. இரண்டையும் புரிந்துகொண்டு எதையும் செய்யாமல் இருப்பதற்குத்தான் இலக்கியம் என்னைப் பழக்கியிருந்தது.

மதியம் கேன்டீன் நிரம்பியது. காற்றை வெளியே தள்ளும் பெரிய மின்விசிறிகள் மேலே இரைந்துகொண்டிருந்தன. அவற்றை நிறுத்தச் சொன்னால் வெந்துவிடுவோம் என்றார்கள். கூண்டுக்குள் மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்தார். காஞ்சிபுரத்துப் பெண், கொரிய மொழியை எப்படியோ கரைத்துக் குடித்தவர். பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க் சுடுதண்ணீர். தலைவர் கொரிய மொழியில் பேசினால் இவருடைய தமிழ் ஹாலில் கேட்கும். தொழிலாளிகள் தமிழில் பேசினால் இவருடைய கொரிய மொழி தலைவரின் காதில் கேட்கும்.

ஆறு கேள்விகள் சுகமாக முடிந்தன. வளர்ச்சியின் ரகசியம் உழைப்பு என்று தெரியவந்தது. ஏழாவதாக, காலையில் நாற்காலி போட வந்த அந்தப் பெண் எழுந்தார். என் ஆள் கொண்டுபோன கார்ட்லெஸ் மைக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"வணக்கம் சார். எங்க ஊருலேருந்து பதினாலு பொம்பளைங்க இங்க வேலைக்கி வரோம். காலைல பஸ்ஸு..."

எச்.ஆர். சாரின் கை அட்டைக்குப் போனது. என் கை கட்டைக்குப் போனது. குரல் தேய்ந்தது, விட்டு விட்டுக் கேட்டது, அடங்கியது. மிக நேர்த்தி. வயரைப் பிடுங்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். கூண்டுக்குப் போகும் கிளையின் பச்சை விளக்குகள் துள்ளிக்கொண்டிருந்தன.

அந்தப் பெண் நிறுத்தவில்லை. மைக் போனது தெரிந்ததும் இன்னும் உரக்கப் பேசினார். மின்விசிறி இரைச்சலில் மூன்று வரிசைக்கு மேல் அது எட்டவில்லை. ஆனால் வாயருகே இருந்த மைக் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கூண்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மொழிபெயர்ப்பாளர் காதிலிருந்த கருவியைச் சற்று தள்ளி வைத்துக்கொண்டு, முகம் மாறாமல் கொரிய மொழியில் சொல்லிக்கொண்டே போனார். மேடையில் தலைவர் காதுக் கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்.

கட்டைக்குப் பக்கத்திலேயே சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் இரண்டு கிளையும் செத்துவிடும். எனக்கு அரை நிமிடம் இருந்தது. அழுத்தவில்லை. இதைத் துணிச்சல் என்று எழுதிவிட ஆசைதான். உண்மை அதைவிடச் சாதாரணமானது. ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்கு இயல்பாக வரும் ஒரே காரியம். அன்று நியாயமும் என்னிடம் அதையே கேட்டது. அப்படிப்பட்ட நாள் வாழ்க்கையில் அடிக்கடி வருவதில்லை.

எச்.ஆர். சார் மேடை மைக்குக்கு வந்து, "சின்ன டெக்னிக்கல்..." என்று தொடங்கினார். தலைவர் கையைத் தூக்கி அவரை நிறுத்திவிட்டுக் கொரிய மொழியில் ஏதோ கேட்டார். ஹால் ஸ்பீக்கர்களில் மொழிபெயர்ப்பாளரின் சுத்தமான தமிழ் ஒலித்தது.

"கை முறிந்த சகோதரி இப்போது எப்படி இருக்கிறார்? அந்தச் சாலை எத்தனை அடி அகலம்?"

கேள்வியே காதில் விழாத நானூறு பேர் பதிலை மட்டும் கேட்டார்கள். சலசலப்பு கிளம்பியது. எனக்கு முன்வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "இன்னா மச்சான், ரோட்ட அளக்கப் போறாங்களா? திரும்பவும் நெலம் எடுக்குறானுங்களா?" என்றார்.

"எந்த ஊரு?"

"தெர்ல. நம்ம ஊருதான் மிச்சம் கீது."

எச்.ஆர். சார் என்னைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார். மைக்கை இறக்குவதற்கு எங்களிடம் சைகை இருந்தது. ஏற்றுவதற்கு இருந்ததில்லை. தேவைப்பட்டதே இல்லை. விமானத்துக்கு வழிகாட்டுகிறவரைப் போல அவர் கைகளை மேலே மேலே தூக்க, நான் ஊகித்துக் கட்டையை ஏற்றினேன்.

"...அளந்து பாத்ததில்ல சார்" என்ற அந்தப் பெண்ணின் குரல் ஹால் முழுக்க விழுந்தது. "ஆனா பஸ்ஸு திரும்பாதுன்றது பொய்யி. நம்ம கேன்டீனுக்குக் காய் ஏத்தினு வர்ற வண்டி எங்க ரோட்லதான் வருது. அவ்ளோ ஏன், தோ அந்த மூலைல ஒக்காந்துகினு கீறாரே மைக்செட்டு அண்ணன், அவரு வண்டி போன மாசம் எங்க ஊரு சர்ச்சுல கல்யாணத்துக்கு வந்துச்சி. அவரையே கேளுங்க."

நானூறு தலைகள் திரும்பின. இருபது வருடமாக அந்த மூலையில் நான் உட்கார்ந்திருந்ததே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான்.

தலைவர் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "ஒலிபெருக்கி நண்பரே, உங்கள் வண்டி திரும்பியதா?"

மிக்சருக்குப் பக்கத்திலிருந்த மைக்கை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்நாளில் முதல் முறையாக ஒரு சபையை விளித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மைக்கை நான் ஆன் செய்யவே இல்லை. அந்தத் தொழிற்சாலையில் நிஜமாகவே நடந்த டெக்னிக்கல் ப்ராப்ளம் அது ஒன்றுதான். ஹால் சிரித்தது. எச்.ஆர். சார் அட்டையைத் தொடவில்லை. அவர் கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அரியலூர் அவர் கண்ணில் தெரிந்தது.

ஆன் செய்துவிட்டுச் சொன்னேன். "என் வண்டி திரும்பிச்சு சார். ஆனா அது பதினேழு அடி நீளந்தான். பஸ் அதைவிடப் பெருசு." எச்.ஆர். சார் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க விரும்பவில்லை. "ஆனா அன்னைக்கு மாப்பிள்ளை வீட்டார் டூரிஸ்ட் பஸ்ஸுல வந்தாங்க. அதுவும் சர்ச்சுக்கு எதிர்ல இருக்குற மைதானத்துல திரும்பித்தான் போச்சு. நான் நின்னு பாத்தேன்."

என் பொதுவாழ்க்கையின் முதல் உரையும் கடைசி உரையும் அதுதான். தலைவர் கையிலிருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டு பேசினார். "அப்படியானால் காலி பேருந்தை அனுப்பிப் பாருங்கள். திரும்பினால் ஒன்றாம் தேதியிலிருந்து ஓடட்டும்" என்றது கூண்டு. எட்டாவது கேள்வி ஏற்றுமதி பற்றியதாகவே இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கூட்டம் கலைந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்தார். ஒப்புக்கொண்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

"அம்மா, அந்த மைக் தானா போகல..."

"தெரியும்ணா. அவரு கார்டத் தொட்டா நீங்க எறக்குவீங்க. போன வருஷமே பாத்துட்டோம். லைன்ல நாள் பூரா ரப்பர் பட்டைல மயிரு மாதிரி கீறல் கீதான்னு பாக்குற கண்ணு. உங்க கை தெரியாதா?"

"அப்ப காலைல ஏன் மைக் ஒழுங்கா இருக்குமான்னு கேட்டீங்க?"

"நீங்க இன்னா பொய் சொல்றீங்கன்னு பாக்கலாம்னுதான். பேட்டரின்னீங்க பாரு, எங்க பொண்ணுங்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்குதுங்க." வயரின் ஒரு முனையை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஆனா அந்த பூத்துக்குக் குரல் போவும்னு எனக்குத் தெரியாது. கத்தலாம்னுதான் கத்துனேன். உங்களுக்குத் தெரியுமா?"

"பாதியில தெரிஞ்சுது" என்றேன். அவர் அடுத்த வயரைச் சுற்றத் தொடங்கினார். அதற்கு நான் நன்றியுடையவன்.

மூன்றாம் நாள் மதியம் முதல் ஷிஃப்ட் விட்டதும் காலி பஸ் கிளம்பியது. சாட்சி என்ற முறையில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். எச்.ஆர். சார், ஒப்பந்தக்காரரின் ஆள், நான். நடுவில் வேலை முடிந்த அந்தப் பதினான்கு பேரில் பதின்மூன்று பேர். எச்.ஆர். சார் என்னிடம் "சாப்டாச்சா?" என்று மட்டும் கேட்டார். அதில் கோபம் இருந்ததா என்று ஊர் வரும்வரை ஆராய்ந்துகொண்டே போனேன்.

டிரைவர் முதல் திருப்பத்திலேயே பிரேக் போட்டார். வேப்பமரக் கிளை ஒன்று கண்ணாடி உயரத்துக்குத் தாழ்ந்திருந்தது. "இதாண்ட எப்டி வர்றது? கண்ணாடி போனா யாரு குடுப்பா?" என்றார். ஒப்பந்தக்காரரின் ஆள் நியாயம் வென்ற முகத்தோடு எச்.ஆர். சாரைப் பார்த்தார். அதற்குள் ஒரு பெண் இறங்கிப்போய் எந்த வீட்டிலிருந்தோ அரிவாளோடு ஓர் ஆளைக் கூட்டிவந்துவிட்டார். கிளை ஐந்து நிமிடத்தில் ரோட்டோரம் கிடந்தது. அதைத் தின்ன ஆடுகள் அதற்கு முன்பே வந்து நின்றிருந்தன.

சர்ச் மைதானத்தில் டிரைவர் ஒருமுறை பின்னால் எடுத்து, ஒருமுறை முன்னால் போய், வளைத்தார். பஸ் திரும்பி வந்த வழியைப் பார்த்து நின்றது. எச்.ஆர். சார் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அதைப் போனில் வீடியோ எடுத்தார். தலைவருக்கு அனுப்ப. எடுக்கும்போது அவரே கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

"சரி, ஸ்டாப் எங்க வைக்கலாம்?" என்றார்.

அதுவரை ஒரே குரலாக இருந்த ஊர் அங்கே மூன்றாகப் பிரிந்தது. சர்ச் வாசல் என்றார்கள் சிலர். தண்ணீர்த் தொட்டி என்றார்கள் சிலர். ஒருவர் தன் வீட்டு வாசலே நடு மையம் என்று அடித்துச் சொன்னார். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். எச்.ஆர். சார் என்னைப் பார்த்தார். நான் ஆடுகளைப் பார்த்தேன்.

"தொட்டியாண்டயே நிக்கட்டும்" என்றார் ஏழாவது கேள்விக்காரர். "அங்க லைட்டு எரியிது. கை ஒடஞ்ச அக்கா வூடும் அங்கதான் கீது. நாளைக்கி அது வேலைக்கி வந்தா நடக்கத் தேவல." சர்ச் வாசல்காரர்களும் தலையாட்டினார்கள். எச்.ஆர். சார் போனில் குறித்துக்கொண்டார். தண்ணீர்த் தொட்டி, காலை நான்கு ஐம்பது.

பஸ் தொழிற்சாலைக்குத் திரும்பக் கிளம்பியபோது ஏழாவது கேள்விக்காரர் தொட்டிக்குக் கீழே நின்று வீட்டுக்காரரோடு போன் பேசிக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. அவர் அதை மறைக்கவும் இல்லை.

"இன்னா, நான் வேலைய வுட்டு நிக்கிறேன்னு சூப்பர்வைசருக்குப் போன் போட்டுட்டியா? போடல இல்ல? போடாத. நான் நிக்கல. பஸ்ஸு வந்துட்ச்சி, தோ சர்ச்சாண்ட திரும்பிட்ச்சி, வந்து பாத்துக்கோ. ஒண்ணாந்தேதி எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு. நாலு மணிக்கு அலாரம் வெச்சிடு."